பழைய ஹை-ஃபை ஸ்பீக்கர்: எந்தத் தொல்லைக்கு எங்கே பார்ப்பது

எழுபது எண்பதுகளில் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவுக்காரர் தூக்கி வந்த ஜப்பான் பெட்டி, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது, தவணை கட்டி வாங்கிய சோனோடைன் என்று என் மேசைக்கு வருகிற பழைய ஸ்பீக்கர்கள் பல ரகம். தொல்லைகள் மட்டும் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். அவற்றில் பாதிக்கு மேல் வீட்டிலேயே சரி செய்யக்கூடியவை. ஆனால் கடைக்குக் கொண்டுபோனால் "கோன் (முன்னால் ஆடுகிற கூம்பு) போயிடுச்சு சார், புதுசு மாட்டிடலாம்" என்று சொல்லி, அதே அளவில் ஏதோ ஒரு வூஃபரை, அதாவது பேஸ் பாடுகிற பெரிய யூனிட்டை, மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பெட்டியும் கிராஸோவரும் (சத்தத்தைப் பிரித்து ஒவ்வொரு யூனிட்டுக்கும் அனுப்புகிற உள் சர்க்யூட்) பழைய வூஃபருக்காகவே கணக்குப் போட்டுச் செய்தவை. வேறொன்றை மாட்டினால் சத்தம் வரும், அந்த ஸ்பீக்கர் வராது. அதனால் ஒரிஜினல் யூனிட்டைத் தூக்கிப் போடும் முடிவை எப்போதும் கடைசியில் எடுங்கள். கழற்றிய பழைய யூனிட்டைக் கடையிலேயே விட்டுவிட்டும் வராதீர்கள்.

வேண்டியவை: ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு பென்சில் பேட்டரி, இரண்டு துண்டு ஒயர், சால்டரிங் அயர்ன், நல்ல ஸ்க்ரூட்ரைவர், நல்ல வெளிச்சம்.

## எதையும் கழற்றும் முன்

ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) அணைத்துவிட்டு, ஆம்ப் பக்கத்தில் இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் செருகி மறுபடி போடுங்கள். தொல்லை ஸ்பீக்கரோடு சேர்ந்து நகர்ந்தால் ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ கோளாறு. தொல்லை பழைய பக்கத்திலேயே நின்றால் ஆம்ப், அல்லது அதற்கும் முன்னால் இருக்கிற பிளேயர், அதன் கேபிள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே பெட்டியைத் திறந்து ஒன்றுமில்லாத வூஃபரைக் கிளறிக் கெடுத்தவர்கள் நிறைய. பாட்டு ஓடாதபோதும் "ம்ம்ம்" என்று ஒரே சீராக இரைச்சல் வந்தால் அது ஸ்பீக்கர் கோளாறே இல்லை, ஆம்பையும் அதற்கு முன்னால் இருப்பவற்றையும் பாருங்கள். வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் வைத்திருப்பவர்கள் மட்டும் ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்பை ஓட்டக் கூடாது.

## ஒரு பக்கம் மொத்தமாக ஊமை

ஒயரும் டெர்மினலும். செம்பு பச்சை பூத்திருக்கும், இல்லையென்றால் ஸ்ப்ரிங் கிளிப் துருப்பிடித்திருக்கும். ஒயர் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள், டெர்மினலைச் சின்ன உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கடலோர ஊர்களில் பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும்.

ஃபியூஸ். சில பெட்டிகளின் பின்னால் சின்னக் கண்ணாடி ஃபியூஸ் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. போயிருந்தால் அதே ஆம்பியர்தான் போட வேண்டும். வெள்ளிக் காகிதம் சுற்றி ஓட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம், அடுத்த முறை எரிவது யூனிட்டுக்குள் இருக்கிற கம்பிச் சுற்றான காயில்தான்.

மீட்டர் வைத்துப் பார்ப்பது. ஒயரைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பின் டெர்மினலில் ஓம் அளவு பாருங்கள். 8 ஓம் என்று எழுதிய பெட்டியில் சுமார் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் பெட்டியில் 3 முதல் 3.8 வரை. எழுதியதைவிடக் குறைவாகத்தான் காட்டும், பயப்படாதீர்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒட்ட வைத்தாலே சில மீட்டர்கள் 0.3, 0.4 காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே காட்டவில்லை என்றால் வூஃபரைக் கழற்றி அதன் முனைகளிலேயே நேராக அளங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு உள் ஒயரிலோ கிராஸோவர் பற்றவைப்பிலோ. அங்கேயும் இல்லையென்றால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது கோனுக்குப் போகிற பின்னல் ஒயர் அறுந்திருக்கிறது. பின்னல் ஒயர் என்றால் பற்றவைத்துவிடலாம். காயில் என்றால் ரீகோன் (கோனும் காயிலும் புதிதாகப் போடுவது) செய்பவரிடம் போக வேண்டியதுதான்.

போஸ் 901 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்றாம் சீரீஸுக்குப் பிறகு வந்தவற்றில் ஒன்பது யூனிட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்தவை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 ஓம்தான். ஒன்று அறுந்தால் ஒன்பதும் ஊமை. ஒவ்வொன்றாக அளந்து அந்த ஒன்றைக் கண்டுபிடியுங்கள். 1 ஓம் காட்டுவதைப் பார்த்து மற்ற எட்டையும் ஷார்ட் என்று நினைத்துவிடாதீர்கள்.

## மேல் சத்தம் இல்லை, போர்வை போர்த்தியது போல மந்தம்

காதை ட்வீட்டருக்கு (மேல் சத்தம் தருகிற சின்ன யூனிட்) ஒட்ட வைத்துக் கேளுங்கள். ஒன்றுமே வரவில்லையா, குறைவாக வருகிறதா என்பதைப் பொறுத்துப் பாதை பிரியும்.

### குறைவாக வருகிறது, அல்லது குமிழைத் திருப்பினால் வந்து போகிறது

பெட்டியில் ட்வீட்டர் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். ஏஆர்-3ஏ போன்ற பழைய அமெரிக்கப் பெட்டிகளில் இது பேர்போன வியாதி, உள்ளே கம்பிச் சுற்று பச்சை பிடித்துவிடும். குமிழை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை முப்பது நாற்பது முறை திருப்புங்கள். சத்தம் வந்துவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது, கான்டாக்ட் கிளீனர் அடித்து மறுபடி திருப்புங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், பிசுக்கு தங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

குமிழ் சரியாக இருந்தால் அடுத்தது கிராஸோவரில் இருக்கிற கண்டென்சர். முப்பது நாற்பது வயதுப் பெட்டிகளில் பெரும்பாலும் இருமுனை (கூட்டல் கழித்தல் இல்லாத) எலக்ட்ரோலிட்டிக் வகை இருக்கும், வயதானால் அளவு மாறிப்போகும். மாற்றும்போது மூன்று விஷயம். ஒன்று, மைக்ரோ ஃபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும். "கொஞ்சம் கூடப் போட்டால் ட்வீட்டர் நன்றாகப் பாடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கூடப் போட்டால் ட்வீட்டருக்குக் கீழ்ச் சுரம் போய் அது எரியும். இரண்டு, கூட்டல் கழித்தல் குறியிட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கூடாது. 5 மைக்ரோ ஃபாரட் இருமுனை கிடைக்கவில்லை என்றால் இரண்டு 10 மைக்ரோ ஃபாரட் சாதாரணத்தைக் கழித்தலோடு கழித்தல் சேர்த்துத் தொடராக இணைத்தால் 5 ஆகிவிடும். மூன்று, வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கட்டும். ஃபிலிம் வகை போட்டால் இனி ஆயுளுக்கும் கவலையில்லை, ஆனால் சில பெட்டிகளில் மேல் சத்தம் கொஞ்சம் பளிச்சென்று ஆகும். எனக்குத் தனிப்பட்ட முறையில் ட்வீட்டர் பாதையில் ஃபிலிம், வூஃபர் பாதையில் இருக்கும் பெரிய அளவுகளுக்கு இருமுனை எலக்ட்ரோலிட்டிக் என்று போடுவது பிடிக்கும், காசும் மிச்சம். எதைப் போட்டாலும் இரண்டு பெட்டிக்கும் சேர்த்துப் போடுங்கள்.

கண்டென்சரும் சரி, ஆனாலும் மந்தம் என்றால் ட்வீட்டர் காயிலைச் சுற்றிய இடுக்கில் இருக்கிற காந்தத் திரவம் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கலாம். டயஃப்ரத்தை (ட்வீட்டரில் ஆடுகிற மெல்லிய பாகம்) கழற்றக்கூடிய மாடலாக இருந்தால் இடுக்கைச் சுத்தம் செய்து புதுத் திரவம் விடலாம். ஆனால் காயில் ஒயர் தலைமுடியைவிட மெலிது, கை நடுக்கம் இருந்தால் இதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

### ஒன்றுமே வரவில்லை

ட்வீட்டரின் ஒரு ஒயரைக் கழற்றி, அதன் முனைகளிலேயே அளங்கள். பெட்டியின் பின்னால் மீட்டர் வைத்து ட்வீட்டரைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது, நடுவில் கண்டென்சர் தடுத்துக்கொண்டிருக்கும். மீட்டர் அளவு காட்டினால் கோளாறு கிராஸோவரில்: பற்றவைப்பைப் பாருங்கள், வெள்ளை நிற சிமென்ட் ரெசிஸ்டர் கருகியிருக்கிறதா பாருங்கள். மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் ட்வீட்டர் காயில் போய்விட்டது. மாற்று டயஃப்ரம் கிடைக்கிற மாடலா என்று முதலில் தேடுங்கள், கிடைத்தால் முழு ட்வீட்டர் வாங்க வேண்டாம். இடத்துக்குத் தகுந்த மாதிரி ஏதாவது ஒன்றை மாட்டுவது கடைசி வழி.

அப்புறம், ட்வீட்டர் ஏன் எரிந்தது என்று பார்க்காமல் புதிதை மாட்டாதீர்கள். பெரும்பாலும் காரணம் சின்ன ஆம்பைக் கடைசிவரை திருகி வைத்து, சத்தம் கிழியக் கிழிய ஓட்டியதுதான்.

## பேஸ் வரும்போது படபடவென்று அடிக்கிறது

கிரில்லை, அதாவது முன்பக்க மூடியை, கழற்றுங்கள். வூஃபர் கோனைச் சுற்றி இருக்கிற வளையத்தை விரல் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ, ஃபோம் மக்கிவிட்டது. பதினைந்து இருபது வருடத்தில் எல்லா ஃபோமும் இப்படி ஆகும், ஓட்டினாலும் சரி, பரணில் சும்மா வைத்திருந்தாலும் சரி. நம் ஊர் ஈரத்துக்கு இன்னும் சீக்கிரம். இது தெரிந்தவுடன் பாட்டை நிறுத்துங்கள், பிடிப்பில்லாமல் கோன் ஆடினால் காயிலும் உரசிப் போய்விடும்.

வளையம் ரப்பராக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் போகாது. துணியாக இருந்தால் அநேகமாக நம்மைவிட அதிகம் வாழும், ஜேபிஎல் எல்100 வூஃபர் அப்படிப்பட்டது. துணி வளையத்தை யாராவது "பழசாயிடுச்சு" என்று பிய்த்து ஃபோம் போட வந்தால் விடாதீர்கள். எந்த வளையத்துக்கும் எண்ணெய், வாசலின் தடவாதீர்கள்.

ஃபோம் மாற்றுவது பொறுமை உள்ள யாரும் செய்யக்கூடிய வேலை. ஃபோம் போனதற்காகக் கோனையே மாற்றச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கழற்றுவது. பெட்டியை மல்லாத்திப் படுக்க வைத்து ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். வூஃபர் காந்தம் ஸ்க்ரூட்ரைவரை இழுத்துக் கோனில் குத்த வைக்கும், அதனால் மறு கையை எப்போதும் கோனுக்கும் ஸ்க்ரூட்ரைவருக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே என்று ஃபோட்டோ எடுத்துவிட்டுப் பிரியுங்கள்.

அளப்பது. "8 இன்ச் ஃபோம்" என்று கேட்டு வாங்கினால் பொருந்தாது. ஃபோம் இல்லாமல் கோனின் விட்டம், ஃபிரேமில் ஃபோம் உட்காரும் தட்டையான இடத்தின் உள் வெளி விட்டம், நடுவில் வளைவு எவ்வளவு அகலம், இவற்றை மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஃபோம் கோனின் மேல் ஒட்டியிருக்கிறதா, அடியில் ஒட்டியிருக்கிறதா என்பதையும் பிய்ப்பதற்கு முன்பே குறித்துவையுங்கள். சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் கேட்டால் சில அளவுகள் கிடைக்கலாம், மற்றவற்றுக்கு ஆன்லைன்தான்.

சுத்தம். ஃபிரேமில் பிளேடால் சுரண்டலாம். காகிதக் கோனில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் பழைய பசையை ஊற வைத்து விரலால் உருட்டி எடுங்கள், சுரண்டினால் கோன் கிழியும். பிளாஸ்டிக் கோனில், முக்கியமாகப் பழைய கெஃப் யூனிட்களில் வரும் பெக்ஸ்ட்ரீன் கோனில், நெயில் பாலிஷ் ரிமூவர் படவே கூடாது. அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். உதிர்கிற தூள் காந்த இடுக்கில் விழாமல் வூஃபரைச் சாய்த்து வைத்துச் செய்யுங்கள்.

ஒட்டுவது. காகிதக் கோனுக்கு மெதுவாகக் காயும் வெள்ளைப் பசை போதும். பாலிபுரொப்பிலீன் கோனில் அது உரிந்து வந்துவிடும், அதற்கென்றே விற்கிற பசை வேண்டும். உடனே பிடிக்கிற மஞ்சள் ரப்பர் பசையும் சொட்டு விட்டால் ஒட்டுகிற பசையும் வேண்டாம், நகர்த்திச் சரி செய்ய நேரமே கொடுக்காது. முதலில் கோனில் மட்டும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் ஃபிரேம் பக்கம் பசை தடவி, கோன் சரியாக நடுவில் நிற்கிறதா என்று பார்த்து ஒட்ட வேண்டும். இந்த வேலையின் உயிரே இந்த இடம்தான். பத்திரமான வழி, டஸ்ட் கேப்பை (கோன் நடுவில் இருக்கிற மூடி) வெட்டித் திறந்து, காயிலுக்கும் நடுக் காந்தத் தண்டுக்கும் இடையில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சின்னப் பட்டைகளாக வெட்டி நான்கு பக்கமும் செருகி, பசை காய்ந்தபின் உருவுவது. டஸ்ட் கேப்பை வெட்ட மனமில்லை என்றால், பசை ஈரமாக இருக்கும்போதே 20 முதல் 30 ஹெர்ட்ஸ் டோனை மிகக் குறைந்த சத்தத்தில் ஓட்டி, கோன் சில மில்லிமீட்டர் மட்டும் ஆடும்படி வைத்து, உரசல் சத்தம் கேட்காத இடம் வரும்வரை ஃபோமை நகர்த்துங்கள். பிறகு ஓரமெல்லாம் துணிக் கிளிப் போட்டு இன்னொரு நாள். அவசரப்பட்டு அன்று மாலையே பாட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள்.

ஒரு வூஃபரின் ஃபோம் மட்டும் போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

### வளையம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஏதோ அதிர்கிறது

கிரில் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் எல்லா ஸ்க்ரூவையும் மிதமாக முறுக்குங்கள், பழைய மரத்தூள் பலகையில் ரொம்ப முறுக்கினால் துளை தளர்ந்துவிடும். டஸ்ட் கேப் ஓரம் விட்டிருக்கிறதா என்று பார்த்து, விட்டிருந்தால் ஒரு கோடு பசை. உள் ஒயர் ஏதாவது கோனில் தட்டுகிறதா என்றும் பாருங்கள்.

## கரகரவென்று மண் அரைபடும் சத்தம்

ஆம்பை அணைத்துவிட்டு, இரண்டு கை விரல்களையும் கோனில் எதிரெதிராக வைத்து, நேராக, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். உரசல் கையில் தெரிந்தால் காயில் இடுக்கில் உரசுகிறது.

பெரிய வூஃபர்களில் வருடக்கணக்காக ஒரே நிலையில் இருந்து கோன் கீழே தொய்ந்திருக்கலாம். வூஃபரைக் கழற்றி, மேல் பக்கம் கீழே வரும்படி அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பாருங்கள், ஒரு பைசா செலவில்லை. தொய்வுதான் காரணம் என்றால் உரசல் குறைந்துவிடும். இதற்கு முன் யாராவது ஃபோம் மாற்றியிருந்தால் நடுவில் வைக்காமல் ஒட்டியிருப்பார்கள், பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சூட்டில் காயில் உப்பியிருக்கிறது, அல்லது பெட்டி எங்கேயோ விழுந்து காந்தம் நகர்ந்திருக்கிறது. காந்தம் ஃபிரேமில் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பது கண்ணுக்கே தெரியும். இந்த இரண்டையும் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், காந்தத்தை நகர்த்தப் போய் விரல் நசுங்கும்.

## விட்டு விட்டு வருகிறது

குறைந்த சத்தத்தில் பாட்டை ஓட விட்டு, கோனை ஒரு விரலால் லேசாக அசையுங்கள். அசைவுக்குத் தகுந்தபடி சத்தம் வந்து போனால் பின்னல் ஒயர் உள்ளே அறுந்து, துணியால் மட்டும் தொங்குகிறது. அதே மாதிரி வளைகிற பின்னல் ஒயர்தான் போட வேண்டும், சாதாரண ஒயர் போட்டால் சில நாளில் அறுந்துவிடும். கோனை அசைத்தும் மாற்றமில்லை, பெட்டியைத் தட்டினால் மாறுகிறது என்றால் கிராஸோவரில் பற்றவைப்பு விட்டிருக்கிறது. எல்லா முனையையும் மறுபடி உருக்கி விடுங்கள்.

சத்தமாக வைத்தால் மட்டும் கட்டாகி, குறைத்தால் தானாக வருகிறதா? ஆம்ப் பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொள்கிறது, அல்லது ஸ்பீக்கருக்குள்ளேயே அப்படி ஒரு பாதுகாப்பு பாகம் இருக்கிறது. பெட்டியின் ஓம் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

## எல்லாம் பாடுகிறது, பேஸ் மட்டும் காணோம்

முதலில் ஒயர். ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடகர் குரலும் நடுவில் நிற்காமல் அங்கங்கே அலையும். ஒரு பெட்டியில் மட்டும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள்.

வூஃபரை முன்பு யாராவது கழற்றி மாட்டியிருந்தால் உள்ளேயே மாற்றியிருக்கலாம். பென்சில் பேட்டரியின் கூட்டல் முனையை வூஃபரின் கூட்டலில் ஒரு நொடி தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல் யூனிட்கள் மட்டும் இதற்கு நேர் எதிர், சிவப்பில் கூட்டல் வைத்தால் கோன் உள்ளே போகும். கோளாறு என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். ட்வீட்டரில் இந்தப் பேட்டரி சோதனையே வேண்டாம்.

ஒயர் சரியென்றால் காற்றுக் கசிவு. துளையில்லாத மூடிய பெட்டியில் வூஃபரை மெதுவாக அழுத்தி விட்டால் கோன் நிதானமாக, மூச்சு விடுவது போலத் திரும்பி வர வேண்டும். டக்கென்று துள்ளி வந்தால் எங்கோ காற்று போகிறது: வூஃபர் கேஸ்கெட் (வூஃபருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற பட்டை), டெர்மினல் தட்டு, குமிழ் ஓட்டை, பெட்டி மூலைகள். கேஸ்கெட்டுக்கு மெல்லிய ஃபோம் டேப் போதும். துளையுள்ள பெட்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதற்குப் பதில் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எலி கூடு கட்டி உள்பஞ்சையெல்லாம் குதறி வைத்திருப்பதை நம் ஊர்ப் பெட்டிகளில் அடிக்கடி பார்க்கிறேன்.

## டோம் அமுங்கிப் போயிருக்கிறது

டோம் என்பது ட்வீட்டர் போன்ற யூனிட்டின் முன்னால் புடைத்திருக்கும் பகுதி; பெரும்பாலும் குழந்தை விரல் வைத்து அமுக்கியிருக்கும். மெத்தென்ற துணி டோம் என்றால் வாக்குவம் கிளீனர் குழாயைத் தள்ளி வைத்து, மிகக் குறைந்த இழுப்பில் மெதுவாகக் கிட்டே கொண்டு வாருங்கள், தானே எழும்பும். வூஃபர் டஸ்ட் கேப்புக்கு ஒட்டு டேப்பே போதும். உலோக டோமை விட்டுவிடுங்கள், எடுக்கப் போனால் விரிசல் விடும். யமஹா என்எஸ்-1000எம் வைத்திருப்பவர்கள் டோம் உடைந்திருந்தால் அதைத் தொடவோ ஊதவோ துடைக்கவோ கூடாது. அது பெரிலியம், அதன் தூள் நுரையீரலுக்கு விஷம்.

## பெட்டி

மேலே ஒட்டிய மெல்லிய மரத் தகடு உரிந்தால் வெள்ளைப் பசையும் பாரமும். அடிப்பலகை ஈரத்தில் உப்பியிருந்தால் உப்பிய இடம் பழையபடி சுருங்காது, காய வைத்துப் பசையை ஊற வைத்து இறுக்கிக் கட்டி, மேலும் உப்பாமல் நிறுத்தலாம். கறையான் மண் கோடு தெரிந்தால் யூனிட்களையும் கிராஸோவரையும் உடனே கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். அதே உள் கன அளவில் நல்ல தச்சர் புதுப் பெட்டி செய்து தருவார்; உள் அளவு, துளையின் விட்டம், நீளம் எதையும் மாற்ற விடாதீர்கள்.

## வீட்டில் திறக்கவே கூடாதவை

குவாட் இஎஸ்எல் போன்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்களுக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். உள்ளேயே ஆம்ப் இருக்கிற ஸ்பீக்கர்களிலும் மின்சாரப் பகுதி உண்டு. இவை இரண்டும் அனுபவமுள்ளவர் கைக்குப் போகட்டும்.

## மாட்டுவதற்கு முன் ஆம்பையும் ஒருமுறை

சரி செய்த ஸ்பீக்கரை இணைக்கும் முன், பாட்டு எதுவும் ஓட்டாமல், ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை டிசி மில்லி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் தாராளமாக மாட்டலாம். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் உங்கள் வூஃபரை எரித்தது அதுவாகவே இருக்கலாம், புதிதாகச் செய்ததையும் எரிக்கும். ஆம்பை முதலில் பார்க்கக் கொடுங்கள், அது சரியாகி வரும்வரை ஸ்பீக்கரை அதில் இணைக்காதீர்கள்.